நீர்வீழ்ச்சிக்கு மேலே: பதுளை மலைகளில் ஒரு நடைப்பயணம்

வியாழன் இரவு, பதுளை

மட்டக்களப்பில் இருந்து பதுளைக்குச் செங்கலடி வீதியால்தான் வந்தோம். கறுப்புப் பாலம், வயல், காடு, மகாஓயா, பிபிலை. பிபிலை வரை வெயில் கூடவே வந்தது. லுணுகலை ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கத் தொடங்கியதும் யன்னலால் வந்த காற்று மாறிவிட்டது. பசறையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினபோது மச்சாள் துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டாள்.

நானும் மச்சாளும் மட்டும்தான். வேன் பிடித்து, ஒரே நாளில் ஐந்து நீர்வீழ்ச்சி பார்த்து, ஒவ்வொன்றின் முன்னாலும் படம் எடுத்துத் திரும்புகிற பயணங்கள் இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டன. இந்த முறை இயன்ற மட்டும் நடந்து போவது, ஒரு நீர்வீழ்ச்சியையாவது அது விழுகிற இடத்தில் மட்டும் பாராமல் அதன் தண்ணீர் வருகிற வழியிலும் போய்ப் பார்ப்பது என்று புறப்பட்டோம்.

மாசி மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பதுளைப் பக்கத்துக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகை இடைப்பருவ மழையும் அதன் பின்னால் வரும் வடகீழ்ப் பருவக்காற்றும்தான். தை முடிய மழை ஓய்ந்துவிடும். ஆனால் மலை குடித்து வைத்த தண்ணீர் ஊற்றாக வந்துகொண்டே இருக்கும். நீர்வீழ்ச்சி முழு வேகத்தில் ஆர்ப்பரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகையில் வர வேண்டும். நடக்கவும் தண்ணீரில் இறங்கவும் மாசிதான் நல்லது. போயா என்கிற முழுநிலா விடுமுறையையும் தவிர்த்துக்கொண்டோம்.

பையைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டுப் பின்னேரமே துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போனோம். மகியங்கனை வீதியில் இறங்கி, ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் பதுளு ஓயா என்கிற ஆறு. கச்சானும் வெரளிக்காயும் விற்கிறவர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குரங்குகளுக்கு மட்டும் இன்னும் வேலை முடியவில்லை. பார்வை மேடைக்கு வர முதலே முகம் நனைந்தது. 64 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற தண்ணீர் அடியில் பட்டுத் தூளாகி, புகை மாதிரி மேலெழும்பி வருகிறது.

இங்கே குளிக்க முடியாது, குளிக்க நினைக்கவும் கூடாது. அடியில் சுழி. மேடையில் நின்று பார்க்கிறதோடு சரி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது, ஏனென்றால் இந்தத் தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு வருகிற தண்ணீர். பதுளு ஓயா மகாவலியில் சேருகிறது. மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. மகாவலியின் கிளையான வெருகலில் நாங்கள் கால் நனைத்த தண்ணீரில் இந்த மலையும் இருந்திருக்கிறது என்று மச்சாளுக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்தாள்.

வெள்ளி, எல்ல

காலை ரயிலில் எல்ல. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் ஸ்டேசனுக்கு அடியாலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. யன்னலில் இருந்து பார்த்தால் நம்பக் கடினம். ஒன்பது வளைவுப் பாலத்துக்குத் தேயிலைக்குள்ளால் நடந்தோம். 1921இல் இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. ஆட்கள் கூட்டம் தாங்கவில்லை.

வெல்லவாய வீதியில் இறங்கி ராவணா நீர்வீழ்ச்சிக்கும் போனோம். அழகில் குறை சொல்ல முடியாது, படிப்படியாக விழுகிற தண்ணீர். ஆனால் அது பெருவீதி ஓரத்தில் இருப்பதுதான் அதன் கெடுதி. பஸ்ஸை விட்டு இறங்கின ஆட்கள் அடுத்த நிமிடம் பாறையில் ஏறுகிறார்கள். நடந்து வருகிறவனுக்குத் தண்ணீரின் சத்தம் தூரத்திலேயே கேட்கும், வழுக்கும் பாறையில் நாலு தரம் கால் வைத்துப் பார்த்திருப்பான், வருகிற வழியில் ஆட்களிடம் கேட்டும் இருப்பான். வாகனத்தில் வருகிறவனுக்கு அந்த அவகாசம் இல்லை. சறுக்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றித் தேநீர்க்கடை ஐயா சொன்னதைக் கேட்டுவிட்டு இறங்காமல் வந்துவிட்டோம்.

சனி, கொஸ்லந்தை

இன்றைய நாளைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது.

வெல்லவாயவில் இருந்து கொஸ்லந்தை பஸ். மலை தொடங்கி, வீதி வளைந்து, ஒரு திருப்பத்தில் எல்லோரும் இடது பக்கம் இருந்து வலது பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தியலும நீர்வீழ்ச்சி. 220 மீற்றர். பம்பரகந்தைக்கு அடுத்ததாக இலங்கையில் உயரமானது இதுதான். பாலத்தடியில் இறங்கிக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தோம். மாசியில் தண்ணீர் மெலிந்து, கரும்பாறையை ஒட்டியே வழிந்து வருகிறது. காற்று அடிக்கிறபோது நடுவில் பிரிந்து, மறுபடி சேருகிறது.

கீழே நிற்கிற ஆளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. உச்சியில் ஒரு ஓடை வந்து விழுகிறது என்றுதான் நினைப்போம். அங்கே இருப்பது மூன்று நாலு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் சின்ன நீர்வீழ்ச்சி, அதன் அடியில் ஒரு குளம். கடைசிக் குளத்தின் விளிம்பால் வழிகிற தண்ணீர்தான் நாங்கள் வீதியில் நின்று பார்த்தது.

மேலே போக, வீதியால் திரும்பி வந்து பூனாகலைப் பக்கம் ஏறுகிற கிளைப்பாதையைப் பிடிக்க வேண்டும். பாதை முடிகிற மட்டும் ஓட்டோ போகும். நாங்கள் பாதி வழியிலேயே இறங்கி நடந்தோம். தங்குமிடத்து அம்மா ஒழுங்கு செய்து தந்த தம்பி கூட வந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து, திரும்பி வந்து, இப்போது வருகிற ஆட்களுக்கு வழி காட்டுகிறார்.

தேயிலை முடிய மானாப் புல். ஆள் உயரம். உள்ளே போனால் முன்னால் போகிறவரின் தலை மட்டும்தான் தெரியும். ஓரம் கத்தி, முழங்கையை மூடிக்கொள்ள வேண்டும். மத்தியானத்தில் அதற்குள் காற்று இல்லை, மூச்சு முட்டுகிற வெக்கை. அப்படி நடந்து, சடாரென்று வெளியில் வந்தால் கண் முன்னால் வெல்லவாயச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கிறது. காடு, குளம், இன்னும் காடு, வானத்தோடு கலந்துபோகிற நீலம். காலடியில் தண்ணீர்ச் சத்தம்.

நாங்கள் செருப்பைக் கழற்றப் போனோம். தம்பி தடுத்தார்.

“இருங்கக்கா. முதல்ல தண்ணியப் பாப்போம். அப்பறம் எறங்கலாம்.”

குளத்தின் ஓரத்தில் ஒரு கறுத்தப் பாறையைக் காட்டினார். தண்ணீர் அந்தப் பாறையின் இடுப்பைத் தொட்டால் அன்றைக்கு யாரையும் இறக்க மாட்டாராம். இன்று இரண்டு சாண் கீழேதான் நின்றது. அதோடு விடவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். தெளிவு. சருகு மிதந்து வருகிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு திரும்பிப் பூனாகலை மலையைப் பார்த்தார்.

“இங்க வெயில் அடிக்கும், மேல மழை பெய்யும். ஆட்களுக்கு அது தெரியாது. தண்ணி கலங்கி வந்துச்சின்னா ஒரு நிமிசம் கூட நிக்கக் கூடாது. சாமானையும் எடுக்கக் கூடாது. ஏறிறணும்.”

இதைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தியலுமவுக்கு வருவது பூனாகலை ஓயாவின் தண்ணீர். அது தோட்டங்களுக்குள்ளால் மலையிறங்கி வருகிறது. உச்சியில் நிற்கிற உங்கள் தலைக்கு மேல் முகில் இல்லை என்பதால் ஓயாவில் வெள்ளம் வராது என்று அர்த்தம் இல்லை.

நடுத்தட்டுக் குளத்தில் இறங்கினோம். நாங்கள் கல்லடிக் கடலிலும் வாவியிலும் நீந்திப் பழகினவர்கள். இது வேறு தண்ணீர். முதலில் குளிர் நெஞ்சைப் பிடிக்கிறது, மூச்சு தன்பாட்டில் இழுத்துக்கொள்கிறது. அதனால் குதிக்கக் கூடாது. காலை வைத்து, கையை நனைத்து, கழுத்தை நனைத்து, மெதுவாகத்தான் போக வேண்டும். உப்புத் தண்ணீர் தாங்குகிற மாதிரி இது ஆளைத் தாங்கவும் தாங்காது. மிதக்கக் கொஞ்சம் கூடுதலாகக் கை காலை அசைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் உடம்பு பழகிவிட்டது. பிறகு வெளியில் வர மனம் இல்லை.

மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அடியில் உருண்டைக் கற்கள் கிடந்தன. பாறையின் சுவர் தேய்த்து மினுக்கினது போல் வளைந்து இறங்குகிறது. இந்தக் குளங்களை யாரும் வெட்டவில்லை. மாரியில் வெள்ளம் வரும்போது பாறையில் உள்ள சின்னப் பள்ளத்தில் கற்கள் அகப்பட்டுச் சுழல்கின்றன. அம்மிக் குழவி அரைப்பது போல அவை பாறையை அரைக்கின்றன. பள்ளம் ஆழமாகிறது, பெரிய கல் வந்து விழுகிறது, அது இன்னும் ஆழமாக்குகிறது. எத்தனையோ ஆயிரம் மாரி. நாங்கள் நீந்துகிற இந்த அமைதியான தண்ணீர், அந்த வேகம் இல்லாத மாதங்களில் மட்டும் நமக்குக் கிடைக்கிற இடம். இதனால்தான் ஆழமும் ஒரே அளவில் இல்லை. இடுப்பளவில் நிற்கிற கால் அடுத்த அடியில் நிலம் எட்டாமல் போகலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மொனராகலையில் இருந்து வந்த ஒரு குடும்பமும் நின்றது. அம்மா, இரண்டு மகள்கள், எல்லோரும் முழு உடுப்போடு. நாங்களும் அப்படித்தான். தம்பி எங்களை இறக்கிவிட்டு, மேலே பாதையில் போய் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது வந்தால் குரல் கொடுத்தார். நாங்கள் கேட்காமல் அவராகச் செய்தது. உடுப்பு மாற்ற மறைவிடம் எதுவும் இல்லை, அதனால் மேலே சுற்ற ஒரு பெரிய துணி கட்டாயம் கொண்டு போங்கள். நீண்ட பாவாடை தண்ணீரில் காலைச் சுற்றும். சுடிதார்க் காற்சட்டை வசதி.

கடைசிக் குளத்துக்குக் கிட்டப் போனோம், இறங்கவில்லை. விளிம்பில் இருந்து படம் எடுக்கத்தான் இப்போது ஆட்கள் அதிகம் வருகிறார்களாம். நாங்கள் நின்றபோதே இரண்டு பொடியன்கள் விளிம்புக்குத் தவழ்ந்து போனார்கள். பாசி பிடித்த பாறை, அதற்கு அப்பால் 220 மீற்றர் வெறும் காற்று. தம்பி சத்தம் போட்டுக் கூப்பிட்டு எடுத்தார். அவருக்கு அவர்கள் யாரென்று தெரியாது, அவர்களிடம் காசும் வாங்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியது இல்லை, பிள்ளைகளே. பத்து அடி பின்னால் நின்றாலும் அதே சமவெளிதான் தெரிகிறது.

ஞாயிறு, பூனாகலைப் பக்கம்

இன்று குளிக்கவில்லை. ஓயா வருகிற பக்கமாக மேலே நடந்தோம். தம்பிக்குக் கோயிலில் வேலை இருந்ததால் அவருடைய சித்தி கூட வந்தார். கொழுந்து எடுக்கிறவர், ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். எங்களை விட இருபது வயது கூட, நடையில் எங்களை விட வேகம்.

தேயிலை, கற்பாதை, தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கிற லயம் என்கிற வரிசை வீடுகள், மறுபடி தேயிலை. ஒரு திருப்பத்தில் பீலி. மலையில் இருந்து வருகிற ஊற்றைக் குழாயில் பிடித்து விட்டிருக்கிறார்கள். அது ஒரு சீமெந்துத் தரையில் கொட்டுகிறது. பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பிள்ளை தலையைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது. தூரத்து ஊர்களில் இருந்து வந்து நாங்கள் தேடுகிற நீராடல் இவர்களுக்குத் தினசரி வாழ்க்கை. ஆனால் இதில் ஓய்வு இல்லை. வேலைக்குப் போக முதல் குடத்தை நிரப்ப வேண்டும், வந்த பிறகு மறுபடி நிரப்ப வேண்டும். பங்குனி, ஆடி மாதங்களில் பீலி நூலாகிவிடும் என்றார் சித்தி.

“கீழ வந்து குளிச்சிட்டுப் போறவங்க நல்லா இருக்கட்டும்மா. ஆனா சாம்பு பாக்கெட்ட அப்படியே பாறையில வுட்டுட்டுப் போறாங்க. அதுக்குக் கீழயும் சனம் இருக்குல்ல.”

இருக்கிறது. தியலுமவில் விழுகிற தண்ணீர் கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. வெல்லவாய, தணமல்வில, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம், திஸ்ஸமகாராம வயல்கள், பிறகு தென்கடல். மழை குறைந்த அந்த நாடு முழுக்க இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பேச்சு கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமான மீரியாபெத்தைக்கு வந்தது. நாங்கள் கேட்கவில்லை, சித்திதான் தொடங்கினார். 2014 ஒக்டோபர் 29. காலைநேரம். பல நாள் மழையில் ஊறின மலை சரிந்து வந்து லய வரிசைகளை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்து பார்க்க வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்ட ஆட்களுக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு கூலித் தொழிலாளி எங்கே வீடு கட்டிப் போவது? பிறகு மாகல்தெனியவில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது.

நீர்வீழ்ச்சி பார்க்க வந்த நாட்குறிப்பில் இது எதற்கு என்று யாராவது கேட்கலாம். இரண்டும் ஒரே தண்ணீர். பாறை மேல் ஓடினால் நாம் படம் எடுக்கிறோம். மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கினால் மலை பிடி விட்டுவிடுகிறது. காடு வெட்டித் தேயிலை நட்ட சரிவில், வடிகான் பராமரிப்பு இல்லாமல் போனால், அந்த ஆபத்து இன்னும் கூடும். சித்தி நடந்து வருகிறபோது ஒரு கான் அடைத்துக் கிடந்ததைக் கண்டு, நின்று, தடியால் குத்தி மண்ணை விலக்கிவிட்டுத்தான் வந்தார். அவருக்கு அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை.

அவர் வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். சாயத்தண்ணி. மச்சாள் சீனி கொண்டு வந்திருந்தாள், கொடுத்தாள். இரண்டு அறை வீடு, சுவரில் பிள்ளைகளின் சான்றிதழ்கள் சட்டம் போட்டு. மகள் பதுளையில் உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறாளாம். புவியியல் எடுத்திருக்கிறாள் என்று சொன்னபோது சித்தியின் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை.

திங்கள், பம்பரகந்தை

கொஸ்லந்தையில் இருந்து பெரகலை, அங்கே பஸ் மாறி அல்துமுல்லை தாண்டிக் களுபான. வீதியில் இருந்து நாலைந்து கிலோமீற்றர் ஏற்றம். ஓட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள், நடக்கிறோம் என்று சொன்னோம். நல்ல முடிவு. பாதி வழியில் பள்ளத்தாக்கின் மறுபக்கம் முழு நீர்வீழ்ச்சியும் தெரிகிற ஒரு வளைவு வருகிறது. கிட்டப் போன பிறகு அந்த முழு உருவத்தைப் பார்க்க முடியாது.

263 மீற்றர், இலங்கையிலேயே உயரம். ஆனால் மாசியில் இதன் தண்ணீர் தியலுமவை விடவும் மெலிவு. உச்சியில் இருந்து புறப்படுகிற தண்ணீரில் ஒரு பங்கு காற்றிலேயே கரைந்துவிடுகிறது. சுற்றிலும் பைன் மரங்கள். நட்ட மரங்கள், வரிசையாக. அதற்குள் குளிர்ச்சியாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே வேறு செடி இல்லை, பறவைச் சத்தம் குறைவு. உதிர்ந்த பைன் ஊசி சப்பாத்துக்கு அடியில் சறுக்குகிறது. இறங்கும்போது கவனம்.

அடிவாரக் குளம் சிறியது, கற்கள் நிறைந்தது. ஒரு பக்கமாக இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தோம். தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர் கீழே போகவில்லை. அந்த உயரத்தில் இருந்து தண்ணீரோடு ஒரு சின்னக் கல் வந்தாலும் போதும். இந்தத் தண்ணீர் வளவை கங்கைக்குப் போகிறது. ஒரே மாவட்டத்து மலையில் இருந்து ஒன்று கிழக்குக் கரையில் கொட்டியாரத்துக்கு, மற்ற இரண்டும் வெவ்வேறு ஆறாகத் தெற்குக் கடலுக்கு. வரைபடத்தில் படித்தது காலால் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில குறிப்புகள். தியலும மேல் குளங்களுக்குக் காலை எட்டு மணிக்கு முதல் ஏறத் தொடங்குங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மலையில் முகில் கூடும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை குளங்களில் இறங்க வேண்டாம், வீதியில் நின்று பாருங்கள். பிடிமானம் உள்ள சப்பாத்து, முழுக்கை உடுப்பு, குடிக்கத் தண்ணீர், அட்டை ஏறினால் போட உப்பு. சவர்க்காரம், சாம்பு வேண்டவே வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் இடுப்புக்கு மேல் போக வேண்டாம். நீந்தத் தெரிந்தவர்களும் தனியாக இறங்க வேண்டாம்.

வழிகாட்ட உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கொஸ்லந்தையில் எந்தத் தங்குமிடத்தில் கேட்டாலும் ஆள் கிடைக்கும், தமிழும் சிங்களமும் இரண்டும் பேசுவார்கள். கேட்கிற காசைக் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். அவர் வேண்டாம் என்று சொல்கிற நாளிலும் வந்த நேரத்துக்கு அந்தக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.